அரிவாளுக்கு ஏது உறை?

நேற்று மாலை வெளிவந்த அந்த டிரெய்லரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் சொல்லத் தேவையில்லை. "அண்ணே, உங்கள் தெரு!" என்று காலையிலிருந்து ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். பதினோரு முறை.

அதில் இருக்கும் எந்தக் காட்சியும் பொய்யில்லை. கோபுரம் எங்கள் கோபுரம். சந்து, மதுரையில் சிம்மக்கல் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த சந்து. வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது என் பெரியம்மா. எல்லாம் நிஜம்; அடுக்கியதுதான் பொய்.

மணியோசை. கோபுரம். அடிவயிற்றில் இறங்குகிற ஓர் உறுமல். சட்டென்று எல்லாச் சத்தமும் அறுந்து, ஒரு மூச்சு நேரத்துக்கு இருட்டு. அந்த அமைதியில் காது தானாகவே தீட்டிக்கொள்ளும். அடுத்து வருகிற சத்தம் இரண்டு மடங்காக விழும். விழுகிறது: 'சர்ரங்' என்று ஓர் அரிவாள். உறையிலிருந்து வாளை உருவுகிற சத்தம் அது. அரிவாளுக்கு ஏதையா உறை? எங்கள் பக்கத்தில் கருக்கரிவாளைக் கூரையில் செருகி வைப்பார்கள். எடுத்தால் ஓலைதான் சரசரக்கும்.

அடுத்த காட்சியில் பெரியம்மா. கண்கள் விரிந்து, வாய் பொத்தி. பின்னணியில் யாரோ ஒரு பெண்ணின் அலறல். பெரியம்மா தன் வாழ்நாளில் அப்படி அலறியதில்லை.

நடந்தது இதுதான். போன வருடம் இரவுப் படப்பிடிப்பு. "அம்மா, வாசலில் நில்லுங்கள், மேலே பாருங்கள்" என்றார்கள். மேலே டிரோன் பறந்தது. எழுபத்திரண்டு வயதில் முதன்முதலாக அதைப் பார்த்தவருக்குச் சிரிப்பு தாளவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பைத்தான் கொலைக்குச் சாட்சியாக்கி இருக்கிறார்கள்.

இது ஒன்றும் புது வித்தையில்லை. நூறு வருடங்களுக்கு முன்பே குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரே நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒருமுறையும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒருமுறையும் ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றொன்றில் துக்கத்தையும் கண்டார்கள். சரி, அவர் சோதனை செய்தார். என் பெரியம்மாவை வைத்துச் செய்ய வேண்டுமா?

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரேனில் ஏற்றிய விளக்கை முதுகுப் பக்கமிருந்து அடித்து, புகை போட்டார்கள். பால் வாங்கப் போகிறவன்கூட அதில் கொலைகாரனாகத்தான் தெரிவான். தரை ஈரமாக இருந்தால்தான் விளக்கு பளபளக்கும் என்று ஒரு லாரித் தண்ணீரைத் தெருவில் கொட்டினார்கள். குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்துக் குடத்தோடு நிற்கிற தெரு அது. அன்று நாங்கள் வாயே திறக்கவில்லை; கதாநாயகனைப் பார்க்கும் ஆசை. அந்தத் தவறு எங்களுடையதுதான்.

"விளம்பரம்தானே, இதற்கு இவ்வளவு கோபமா" என்பீர்கள். தெரியும். 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை என்று ஓர் ஆசிரியை வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. டிரெய்லர் வாக்குறுதியாகாது என்று 2024ல் தீர்ப்பே வந்துவிட்டது. சட்டம் அவர்கள் பக்கம். நான் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லையே.

"உங்கள் ஊரில் வெட்டுக்குத்தே இல்லையா?" இருக்கிறது. எந்த ஊரில் இல்லை? விடுங்கள்.

"சண்டைப் படம் பிடிக்காதவர் பேசுகிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கொஞ்சம் வலித்தது. 1952 தீபாவளிக்குத் திறந்த தங்கம் தியேட்டரில், பெஞ்சு டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று சட்டை கிழித்துக்கொண்ட அப்பாவின் பிள்ளை நான். விசிலடிக்க அவர்தான் கற்றுக் கொடுத்தார். அவர் காலத்தில் படம் வருகிறது என்றால் நோட்டீஸ் வண்டி தெருத்தெருவாக வரும், பின்னாலேயே ஓடுவோம் என்பார். பாட்டுப் புத்தகத்தில் பாதிக் கதையைச் சொல்லி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்துவார்கள். அதுவும் ஆசை காட்டுவதுதான். ஆனால் அந்தப் புத்தகம் யார் வீட்டுச் சிரிப்பையும் அலறலாக்கவில்லை.

சென்னையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், மகளை இங்கே கல்லூரியில் சேர்க்கும்போது, "ராத்திரி வெளியே போகலாமா, பயமில்லையே?" என்று கேட்டார். நள்ளிரவு தாண்டியும் ஆவி பறக்கிற இட்லிக் கடைகளும், விடியும் முன்பே மல்லிகை குவிகிற மாட்டுத்தாவணிப் பூச்சந்தையும் உள்ள ஊரைப் பற்றி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த மதுரை எல்லாம் இரண்டரை நிமிட மதுரை.

நேற்று இரவு பெரியம்மாவிடம் செல்பேசியைக் கொடுத்தேன். கோபப்படுவார், அழுவார், நானும் சேர்ந்து திட்டலாம் என்று இருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். "அந்தப் பறக்கிற பூச்சியைக் காட்டவே இல்லையேப்பா?" என்றார். பிறகு, "படத்தில் இன்னும் கொஞ்ச நேரம் வருவேனோ?"

இப்போது தெருவில் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் நாள் முதல் காட்சிக்குப் பத்தொன்பது டிக்கெட். பெரியம்மாவுக்குத் துணையாகப் போக வேண்டியது நான்தானாம்.