ஆணி இல்லாமல் காற்று இறங்கினாலும் பெரும்பாலும் டயரை மாற்ற வேண்டியதில்லை

'பைக்கின் டியூப்லெஸ் டயரில் ஆணி எதுவும் இல்லாமல் காற்று மெதுவாக இறங்கினால் டயர் ரப்பர் செத்துவிட்டது, புது டயர்தான் வழி' என்று ஒருவர் சொல்லியிருந்தார். பெரும்பாலும் அப்படி இல்லைங்க. ஆணி இல்லாத கசிவு அதிகம் வருவது வால்விலிருந்தோ, டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பிலிருந்தோதான்.

நீங்களே பார்க்கலாம். கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றடித்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வால்வு மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். குமிழ் மெல்ல உப்பினால் உள்ளே இருந்து காற்றை அடைக்கும் சின்ன ஊசிதான் (வால்வு பின்) குற்றவாளி. அது சில்லறைக் காசு சாமான். அடுத்து வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து, அடியில் நுரை வருகிறதா பாருங்கள். நேராக நிற்கும்போது அடைந்திருக்கும் வெடிப்பு சாய்த்தால்தான் வாய் திறக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பிறகு ரிம்மும் டயரும் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும், சுற்றிலும் ஊற்றுங்கள். அங்கே பொடிநுரை கட்டினால் அலாய் ரிம் அரித்து வெள்ளையாகப் பூத்திருக்க வாய்ப்பு அதிகம். டயரைக் கழற்றி, அந்த இடத்தை எமரித் தாளால் தேய்த்துத் துடைத்து அதே டயரை மாட்டலாம்.

பக்கச்சுவரிலேயே வெடிப்பு வழியாக நுரை வந்தால் மட்டும் அவர் சொன்னது சரி, மாற்றித்தான் ஆகணும்.