காரைக்குடிப் பாலும் சிங்கப்பூர்ப் பாலும்: கணக்கு இடிக்கிறதே

"காரைக்குடியில் பால் 22 ரூபாய், சிங்கப்பூரில் 250. அங்கே இருக்கிற பிள்ளைகள் பால் குடிக்கவே யோசிக்கணும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணே. 22 ரூபாய் என்பது ஆவின் பச்சைப் பாக்கெட், அதுவும் அரை லிட்டர். லிட்டருக்கு 44 ஆகிறது. நீங்கள் சொன்ன சிங்கப்பூர் விலையோ முழு லிட்டருக்கு.

அதுவும் குளிர்பெட்டியில் இருக்கும் ஃப்ரெஷ் பாலின் விலை. பக்கத்து அலமாரியிலேயே நீண்ட நாள் கெடாத அட்டைப்பெட்டிப் பால் இருக்கும். சூப்பர் மார்க்கெட்டின் சொந்த பிராண்டாகப் பார்த்து எடுத்தால் நன்றாகவே விலை குறையும். 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடேற்றி அடைத்தது. பிரிக்கும் வரை ஃப்ரிட்ஜ் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம். என்ன, நம்ம வீட்டு ஆயாவுக்குக் காய்ச்சாத பாலைக் கொடுத்துவிட முடியாது, அது வேறு கதை.

அங்கே விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. பால் பெரும்பாலும் இறக்குமதி, மேலே 9 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஆனால் டாலரில் சம்பளம் வாங்குகிறவர் செலவை மட்டும் ரூபாயாக்கிப் பார்த்து மலைப்பது சரியில்லை. சம்பளத்தையும் ரூபாயாக்கிப் போடுங்கள். அப்புறம் கொழுப்பையும் பாருங்கள்: பச்சையில் 4.5 சதவீதம், அங்கத்திய சாதாரணப் பாலில் ஏறக்குறைய 3.5.