ஒற்றை முருங்கைக்காய்

(யாழ்ப்பாணம், கோண்டாவிலில் ஒரு வீட்டு விறாந்தை. காலை பத்து மணி. தபால் கந்தோரில் தந்திப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், திருநெல்வேலிச் சந்தையில் இருந்து சைக்கிளில் வந்து இறங்குகிறார். காரியரில் இரண்டு பூசணிக்காய். ஹான்டிலில் ஒரு பை நிறையத் தேங்காய்.)

மனைவி: இஞ்சாருங்கோ, வீட்டில் கலியாணம் ஏதும் நடக்கப் போகுதா? எதற்கு இவ்வளவு தேங்காய்?

கணவர்: நீர்தானே பத்து என்று அனுப்பினீர்.

மனைவி: பத்து முட்டைக்கு. தேங்காய் இரண்டுதான்.

கணவர்: இந்தாரும், உம்முடைய மெசேஜ். வாசியும்.

மனைவி: "முட்டை 10 தேங்காய் 2 பூசணிக்காய் 1 முருங்கைக்காய் 6." சரியாய்த்தானே இருக்கு?

கணவர்: முட்டை. 10 தேங்காய். 2 பூசணிக்காய். 1 முருங்கைக்காய். முட்டைக்கு எண்ணிக்கை போடவில்லை, அதனால் ஒன்று வாங்கினேன்.

மனைவி: ஒற்றை முருங்கைக்காயா! கடைக்காரன் ஒன்றும் சொல்லவில்லையா?

கணவர்: "காசு வேண்டாம் ஐயா, சும்மா கொண்டு போங்கோ" என்றான். முகத்தில் ஒரு இரக்கம்.

மனைவி: கடைசியில் ஒரு 6 தனியே நிற்கிறதே, அதை என்ன செய்தீர்கள்?

கணவர்: ஆறு மணிக்குள் வீட்டுக்கு வரச் சொன்னீராக்கும் என்று நினைத்தேன். பாரும், பத்துக்கே வந்துவிட்டேன்.

மனைவி: போன கிழமை வரிக்கு ஒரு சாமானாய்த்தானே எழுதினேன்?

கணவர்: அதுவா? நல்லூரில் பூசை நேரம், பொக்கற்றுக்குள் பதினொரு தரம் "டிங்". மணி அடித்துக்கொண்டிருந்த ஐயரே திரும்பிப் பார்த்தார்.

மனைவி: என்டரைத் தட்டினால் அடுத்த வரிக்குப் போகாமல் மெசேஜே போய்விடுகிறது. நான் என்ன செய்ய? ஒரே மெசேஜாய் அனுப்பச் சொல்லிக் குதித்தது யார்?

கணவர்: ஒரு கொமாவாவது போட்டிருக்கலாம். தந்தியில் நாங்கள் "ஸ்டொப்" என்று போடுவோம்.

மனைவி: "முட்டை 10 ஸ்டொப்" என்று வந்திருந்தால் முட்டையோடு சந்தையிலேயே நின்றிருப்பீர்கள்.

கணவர்: போனைத் தாரும். வட்ஸ்அப்பில் மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சட்ஸ்... இந்தா, "என்டர் இஸ் சென்ட்". இதை நிறுத்தினால் சரி. இனி என்டர் வரியைத்தான் உடைக்கும்.

மனைவி: மகனுடைய ஐபோனில் இந்தச் சில்லெடுப்பே இல்லையாம். கொம்பியூட்டரில் அனுப்பினால்தான் ஷிப்ட்டையும் சேர்த்து அமத்த வேணுமாம்.

கணவர்: ஆனால் டேட்டா முடிந்து எஸ்.எம்.எஸ். அனுப்பினால் என்டரைக் கண்டபடி தட்டாதையும். தமிழில் ஒரு மெசேஜுக்கு 70 எழுத்துத்தான். வரி உடைத்தால் அதுவும் ஓர் எழுத்து.

மனைவி: எழுபது காணும்தானே?

கணவர்: எங்கே காணும்? "தேங்காய்" எத்தனை எழுத்து?

மனைவி: நாலு.

கணவர்: போனுக்கு எட்டு. காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி.

மனைவி: அதுதான் எனக்கும் எட்டுத் தேங்காய் மிச்சம். இவ்வளவையும் என்ன செய்கிறது?

கணவர்: குடும்பக் குறூப்பில் போடுகிறேன். இந்த ஒழுங்கைச் சொந்தக்காரர் எல்லாரும் அதில் இருக்கினம். வரி வரியாய் எப்படி வடிவாய் எழுதுகிறது என்று பாரும். (தன் போனை எடுத்து) "விற்பனைக்கு." என்டர். "எங்கள் வீடு, கோண்டாவில்." என்டர். "தேங்..."

(போன் அடிக்கிறது.)

கணவர்: கனடாவில் இருந்து மகன். அங்கே இப்போது நடுச்சாமம் எல்லே?

மனைவி: இஞ்சாருங்கோ, நீங்கள் நிறுத்தினது என்னுடைய போனில். உங்களுடையதில்?

கணவர்: ...

மனைவி: எடுத்துக் கதையுங்கோ. காணி உறுதி பெட்டிக்குள்தான் கிடக்குது என்று முதலில் சொல்லுங்கோ.