மரியோவை விடுங்கள், பூட்டைப் பாருங்கள்

ஜப்பானின் வீடியோ கேம் கம்பெனி நிண்டெண்டோ என்றாலே எல்லாரும் அதன் கேம் நாயகன் மரியோவின் மீசையைத்தான் பேசுகிறார்கள். அந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது கேம் கேசட்டுக்குள் பூட்டாக இருந்த ஒரு சின்ன சிப் என்பேன்.

1889-ல் கியோட்டோவில் ஹனஃபுடா சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கடை அது. 1983-ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற, டிவியில் மாட்டும் கேம் பெட்டியை விட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்தது. அங்கே ஓடிய அடாரி கேம் பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம் என்ற நிலையில் குப்பை குவிந்து, கடைக்காரர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 1985-ல் ஃபேமிகாமை என்.இ.எஸ். என்ற பெயரில் அங்கே கொண்டுபோன நிண்டெண்டோ, பெட்டியில் ஒரு சிப், கேசட்டில் ஒரு சிப் வைத்தது. இரண்டும் ஓயாமல் கணக்கு ஒப்பிடும். ஒப்பாவிட்டால் நொடிக்கொரு தரம் ரீசெட்.

அந்தச் சிப் நிண்டெண்டோவிடம் மட்டுமே கிடைக்கும். ஆகவே கேசட்டையும் அவர்களே தயாரிப்பார்கள், கேம் எழுதிய கம்பெனி முன்பணம் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 5 கேம்தான், விற்காத சரக்கு அவரவர் தலையில். பாம்பனில் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிய படகுக்காரர் மீனை அவருக்கே போட்டாக வேண்டும். இங்கே அதைவிட மோசம், மீன் பிடிக்கிறவரே வியாபாரிக்கு அட்வான்ஸ் கட்டணும்! கொனாமி என்ற கேம் கம்பெனி 'அல்ட்ரா' என்று இன்னொரு பெயர் வைத்து 5-ஐத் தாண்டியது. அடாரி கேம்ஸ் பூட்டையே உடைத்துப் பார்த்து, நீதிமன்றத்தில் தோற்றது. கறாரான வியாபாரம்தான். ஆனால் குப்பை வராமல் தடுத்ததும் அதுதான்.

ஜப்பான் ஃபேமிகாமில் இந்தப் பூட்டே கிடையாது. அதைப் பார்த்துக் காப்பியடித்த நகல் பெட்டிகள் பெருகியதற்கு அதுதான் வழிவிட்டது. வெளிநாடு போய்வரும் கீழக்கரை சபராளிகள் சூட்கேஸில் கொண்டுவந்ததும், ராமநாதபுரம் பஜாரில் 'டிவி கேம்' என்று விற்றதும் பெரும்பாலும் 60 பின் கேசட் போடும் அந்த வகைதான். அசல் ஃபேமிகாம் வந்திருந்தாலும் நம் டிவியில் ஒழுங்காக ஓடியிருக்காது. அது என்.டி.எஸ்.சி. என்ற ஒளிபரப்பு முறை; ரூபவாஹினிக்காக ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பிய டிவிகளெல்லாம் 'பால்' (PAL) என்ற வேறு முறை. ஜப்பான் சேனல் அலைவரிசை நம் டியூனரில் கிடையாது, சவுண்டின் அலைவரிசையும் ஒத்துவராது. காப்பிக்காரன் 'பால்' முறைக்கென்றே சிப் செய்து அனுப்பினான்.

பரணில் கிடக்கும் கேசட்டை இப்போது எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஊதாதீர்கள். வாயின் ஈரம் பின்னில் படியும், ஏற்கெனவே உப்புக்காற்று குடித்த செம்பு இன்னும் பச்சை பூக்கும். 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பின்னின் நீளவாக்கில் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றித் தேய்த்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். பென்சில் ரப்பர் கடைசி வழி. காப்பி கேசட்டில் முலாம் மெல்லிசு, அழுத்தினால் போய்விடும். பெயின்ட் தின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் இளகும். பின் சுத்தமாகியும் படம் வரவில்லையா? உள்ளே கறுப்புப் பிசின் பொட்டு மூடிய சிப் செத்திருக்கலாம், அதற்கு வைத்தியமில்லை. துப்பாக்கி கேம் எல்.இ.டி. டிவியில் சுடாது, பழைய டியூப் டிவி வேண்டும். '9999 இன் 1'-இல் எண்ணினால் சில பத்து கேம்கூடத் தேறாது, மிச்சமெல்லாம் அதே கேம் வேறு லெவலிலிருந்து தொடங்குவது.

அசல் என்.இ.எஸ். வைத்திருந்து லைட் விட்டுவிட்டு எரிந்தால், பெரும்பாலும் கேசட் செருகும் 72 பின் கனெக்டர் தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கும். கனெக்டர் கிடைக்காவிட்டால் பெட்டியின் பூட்டுச் சிப்பில் 4-ஆம் பின்னை வெட்டித் தூக்கிவிடுங்கள், ரீசெட் நிற்கும். கனெக்டர் கோளாறு அப்படியே இருக்கும் என்பதால் படம் கலங்கலாம்.

பூட்டுப் போடும் புத்தி இன்னும் போகவில்லை. பின்னால் வந்த ஸ்விட்ச் கேம் பெட்டியின் முதல் வகையில் எந்த நாட்டுக் கேம் கார்டும் ஓடும் என்று தளர்த்தியவர்கள், 2025-ல் ஸ்விட்ச் 2-க்கு ஜப்பானில் 49,980 யென்னுக்கு ஒரு மாடல் விட்டார்கள். எல்லா மொழியும் உள்ளது அப்போது 69,980. மலிவு மாடலில் ஜப்பான் மொழி மட்டும், ஜப்பான் நிண்டெண்டோ அக்கவுண்ட் மட்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது 'சல்லிசாகக் கிடைக்கிறது, வாங்கவா' என்று கேட்டால், அட்டைப்பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி எந்த மாடல் என்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.