கட்டடத்துக்குப் பணம் கிடைத்துவிடும், வாசிப்பவருக்குச் சம்பளம்?

வட்டார இசைக்கு ஒரு மியூசியம் வரப்போகிறது என்றால் முதலில் வெளியாவது கட்டடத்தின் படம்தான். ஏதோ ஒரு வாத்தியத்தை நினைவூட்டும் கூரை, கண்ணாடி முகப்பு, வாசலில் நீரூற்று. நாமும் பகிர்கிறோம், வாழ்த்துகிறோம். திறப்பு விழா முடிந்த மூன்றாம் வருஷம் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்ததைச் சொல்கிறேன். வெகுசன இசைக்கான தேசிய மையம் ஒன்றை 1999 மார்ச்சில் திறந்தார்கள். நான்கு ராட்சத எஃகு முரசுகளை நிறுத்தி வைத்ததுபோல் கட்டடம். செலவு சுமார் 1.5 கோடி பவுண்டு, அதில் பெரும்பகுதி லாட்டரி நிதி. வருஷத்துக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் ஏழு மாதத்தில் வந்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். அடுத்த வருஷமே மூடிவிட்டார்கள். பிறகு அந்த முரசுகளுக்குள் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கம் குடியேறியது.

ஒரு லட்சம் பேர் வந்தது தோல்வியா என்றால், இல்லை. பல மியூசியங்கள் அந்த எண்ணிக்கையைக் கனவில்கூடக் காணாது. நான்கு லட்சம் பேரின் டிக்கெட் காசை நம்பிச் செலவுத் திட்டம் போட்டதுதான் கோளாறு. மின்சாரம், காவல், காப்பீடு, ஈரப்பதக் கட்டுப்பாடு எல்லாம் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே தொகை. வரவு மட்டும்தான் ஏறி இறங்கும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் வளர்ந்தது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் என்ற சிற்றூரில் இருக்கும் டெல்டா புளூஸ் மியூசியம். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. 1979இல் அந்த ஊர்ப் பொது நூலகத்தின் இயக்குநர் சிட் கிரேவ்ஸ் ஒரு பள்ளிக்கூட அறையில் அதைத் தொடங்கினார். ஜீஜீ டாப் என்ற ராக் இசைக் குழுவின் பில்லி கிப்பன்ஸ் அங்கே வந்து போனவர். புளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக் குடிலிலிருந்து கிடைத்த ஒரு மரத்துண்டைக் கொண்டு கிட்டார் செய்வித்து, அதை ஊர் ஊராகக் காட்சிக்கு அனுப்பி மியூசியத்துக்கு நிதி திரட்டினார். பழைய ரயில்வே சரக்குக் கிடங்கு அதன் சொந்த இடமானது 1999இல், அதாவது தொடங்கி இருபது வருஷம் கழித்து. அதே வருஷம்தான் ஷெஃபீல்டில் முரசுகள் எழுந்து நின்றன.

அங்கே என்னை அதிகம் கவர்வது மடி வாட்டர்ஸின் குடில் அல்ல (அதையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்). பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மியூசியத்திலேயே புளூஸ் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படிக் கற்ற பையன்களில் ஒருவர்தான் 2022இல் கிராமி வாங்கிய கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ராம். இதைவிட நல்ல காட்சிப்பொருள் எந்தக் கண்ணாடிப் பெட்டியில் கிடைக்கும்? கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. கற்க வரும் பிள்ளை வாரந்தோறும் வரும், கூடப் பெற்றோர் வருவார்கள், கச்சேரி வைத்தால் சொந்தபந்தமெல்லாம் வரும். சுற்றுலாப் பயணி ஒரு முறை வந்து, வாசலில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்காலச் செவ்வாய்க்கிழமையில் மியூசியத்தைத் தாங்குபவர் அவர் அல்ல.

அமெரிக்காவிலேயே பிரிஸ்டல் என்று இன்னோர் ஊர், இரண்டு மாநிலங்களின் எல்லையில். நடுத்தெருவில் ஒரு பக்கம் வர்ஜீனியா, மறு பக்கம் டென்னசி. 1927இல் அங்கே நடந்த ஒலிப்பதிவுகளில்தான் கன்ட்ரி இசை என்ற அமெரிக்க நாட்டுப்புற வகையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார்கள். அந்தப் பெருமைக்கான மியூசியம் வந்தது 2014இல். ஆனால் ஊர்த் தெருக்களில் இசை விழா 2001இலேயே தொடங்கிவிட்டது. விழாவுக்கு வந்து பழகிய கூட்டம் மியூசியத்துக்கு முன்பே தயாராக இருந்தது. இப்போது விழா, மியூசியம், மியூசியத்துக்குள்ளிருந்தே ஒலிபரப்பும் ஒரு வானொலி மூன்றும் ஒரே அமைப்பின் கையில். ஒன்றில் வரவு குறைந்தால் இன்னொன்று கை கொடுக்க வழி இருக்கிறது.

இனி உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது. ஊமை வாத்தியங்களின் வரிசை என்றால் எனக்குப் பத்து நிமிஷத்தில் கால் வலிக்க ஆரம்பித்துவிடும். பெயர், காலம், மரம், தோல் என்று பலகையில் எழுதியிருக்கும். எப்படி ஒலிக்கும் என்பது மட்டும் இருக்காது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2010இல் திறந்த இசைக்கருவி மியூசியத்தில் ஒரு காட்சியருகே போய் நின்றதும் ஹெட்போனில் அந்த வாத்தியம் ஒலிக்கத் தொடங்கும். தொட்டு வாசித்துப் பார்க்கத் தனிக் கூடமும் உண்டு. பாரிஸ் இசை மியூசியத்தில் கலைஞர்கள் காட்சிக்கூடத்துக்குள்ளேயே வாசிக்கிறார்கள், கேட்கிறவர்களோடு பேசுகிறார்கள். என் ஓட்டு பாரிஸுக்குத்தான். ஹெட்போன் மாட்டினால் ஆளாளுக்குத் தனித்தனித் தீவு.

பழைய வாத்தியத்தை வாசித்தால் கெட்டுப்போகுமே என்று காப்பாட்சியர்கள் தடுப்பார்கள். நியாயம்தான். முந்நூறு வருஷத்து மரத்தில் புதுத் தந்தியை முறுக்கினால் விரிசல் விடலாம், ஈரப்பதம் மாறினால் தோல் தளரும். அதற்காகத்தான் பிரதி செய்வது. மூலம் கண்ணாடிக்குள் இருக்கட்டும், அதே அளவில் செய்த பிரதி வாசிப்பவர் கையில் இருக்கட்டும். வாத்தியம் செய்யும் கைவினைஞருக்கு மியூசியத்திலேயே ஒரு பட்டறை கொடுத்தால், பிரதியும் கிடைக்கும், வெளியார் கொண்டுவரும் பழுதுபார்ப்பு வேலையில் கொஞ்சம் வருமானமும் கிடைக்கும். அவர் உளியைப் பிடிப்பதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடி நிற்பார்கள்.

பணத்தில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில். நன்கொடை கொடுப்பவருக்குத் தன் பெயர் பொறித்த கூடம் வேண்டும். அரசு மானியமும் பெரும்பாலும் கட்டுமானத்துக்கே வரும், சம்பளத்துக்கு வராது. அதனால் திரட்டும் தொகையில் கணிசமான பங்கை எடுத்து அசலைத் தொடாத வைப்பு நிதியாகப் போட்டுவிட வேண்டும். அதன் வட்டியில் ஒரு காப்பாட்சியர், ஓர் ஆசிரியர், வாசிக்க இரண்டு கலைஞர்கள். இந்த நான்கு பேருக்கு வழி பிறக்காதவரை அடிக்கல் நாட்டக் கூடாது என்பேன். கூடத்துக்குப் பதிலாக அந்த ஆசிரியர் பணிக்கே நன்கொடையாளர் பெயரை வைக்கலாம், கசக்காது.

அடிக்கல்லுக்குக் காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்கவும் வேண்டாம். வாடகை அறை ஒன்று, நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, பொறுமையான ஆள் ஒருவர் போதும். வயதான கலைஞர்களைப் பேசவும் பாடவும் வைத்துப் பதிவு செய்யலாம். வீடுகளில் கிடக்கும் கேசட்டுகளின் காந்தப் பூச்சு உதிர்வதற்குள் வாங்கிக் கணினியில் ஏற்றி, நாடாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒலிபரப்பு உரிமை யாருக்கு, வருமானம் வந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு என்பதை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அப்பாவின் குரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த குடும்பம் கட்டடம் திறக்கிற நாளுக்காகக் காத்திருக்காது, அந்த வாடகை அறைக்கே வந்து கேட்கும்.