அன்று நான் கோபித்துக்கொண்டது தவறான ஆள்மீது

2021 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கனடாவில் டொராண்டோவை அடுத்த மிஸ்ஸிசாகாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் இரண்டு மடிக்கணினிகள், இரண்டு கைப்பேசிகள், என் வங்கி அட்டை. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரொட்ரிகோ முதன்முறையாகத் தன் பெயரில் இசைப் பயணம் புறப்படுகிறார், டொராண்டோவுக்கும் வருகிறார் என்ற செய்தி வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. இணைய வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள். எங்கள் முறை வந்தபோது ஓர் இருக்கைகூட மிச்சம் இல்லை. மதியத்துக்குள் அதே நிகழ்ச்சிக்கான டிக்கெட்டுகள் வேறொரு தளத்தில் பல மடங்கு விலைக்கு வந்துவிட்டன. மகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே நின்ற எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்று எனக்கு வந்த கோபம் முழுவதும் அந்தப் பாடகிமீதுதான். அவர் தேர்ந்தெடுத்திருந்தது மாஸி ஹால். 1894இல் திறந்த பழைய அரங்கம், சுமார் 2,700 பேர் உட்காரலாம். அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஸ்கோஷியாபேங்க் அரீனா இருக்கிறது. அதில் சுமார் 19,000 பேருக்கு இடம் உண்டு. உலகமே கேட்கிற பாடகி இவ்வளவு சிறிய இடத்தில் ஏன் பாட வேண்டும்? தட்டுப்பாட்டை உண்டாக்கிப் பெயரைப் பெரிதாக்குகிற வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். இதே பக்கத்தில் அப்படி எழுதவும் செய்தேன். பலர் ஆமோதித்தீர்கள். நான் எழுதியது தவறு. இப்போதும் ஒவ்வோர் இளம் பாடகியின் முதல் பயணம் அறிவிக்கப்படும்போது இதே குற்றச்சாட்டைப் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் நிலையை அன்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ‘டிரைவர்ஸ் லைசன்ஸ்’ பாடல் வெளியானது 2021 ஜனவரி 8ஆம் தேதி. அப்போது அவருக்குப் பதினேழு வயது. அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது அந்தப் பாட்டு. மே மாதம் ‘சவர்’ ஆல்பம் வந்தது. பதினொரு பாடல்கள், எல்லாம் சேர்ந்து முப்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டாது. இது அத்தனையும் பெருந்தொற்றுக் காலத்தில் நடந்தது. அரங்குகள் பூட்டிக் கிடந்தன. சிறுவயதிலிருந்து டிஸ்னி தொடர்களில் நடித்தவர், கேமராவுக்குப் பழகியவர், உண்மைதான். ஆனால் டிக்கெட் வாங்கி வந்து எதிரே நிற்கிற கூட்டத்துக்கு ஒரு முழு இரவு பாடிய அனுபவம் அவருக்கு இல்லை. கோடிக்கணக்கானவர்கள் குரலைக் கேட்டுவிட்டார்கள், ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை. இப்படி ஒரு நிலையில், பயணம் தொடங்கும்போது பத்தொன்பது வயதான பெண்ணை இருபதாயிரம் பேர் முன்னால் நிறுத்துவது சரியா?

படிகளைத் தாண்டிக் குதிக்க விரும்பவில்லை என்று அவரே அப்போது பேட்டியில் சொல்லியிருந்தார். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்பு வந்தவர்களைப் பார்த்தால் அந்தப் படி என்ன என்பது புரியும். டெய்லர் ஸ்விஃப்டின் முதல் சொந்தப் பயணம் 2009 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் தொடங்கியது. அவருக்கும் அப்போது பத்தொன்பது வயதுதான். ஆனால் அதற்கு முன்பே ராஸ்கல் ஃப்ளாட்ஸ், ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், பிராட் பெய்ஸ்லி என்று பெரியவர்களின் நிகழ்ச்சிகளில் அவர்கள் மேடைக்கு வருமுன் பாடிப் பழகியிருந்தார். இருக்கை தேடி வருகிறவர்களும் கையில் சோளப்பொரியோடு நிற்கிறவர்களும் நிறைந்த கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பக் கற்றுக்கொள்கிற காலம் அது. ரொட்ரிகோவுக்கு அந்தக் காலமே கிடைக்கவில்லை. மடோனாவின் முதல் பயணம் வேறு மாதிரி. 1985 ஏப்ரல் 10ஆம் தேதி சியாட்டில் நகரின் பாரமவுண்ட் அரங்கில் சிறிதாகத் தொடங்கியது. கூட்டம் பெருகப் பெருக அரங்கங்களும் பெருகி, ஜூன் 11ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முடிந்தது. வழியில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலிலும் பாடினார். ரொட்ரிகோ 2022இல் அதே ரேடியோ சிட்டியில் இரண்டு இரவுகள் பாடினார். மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு அவர் போனது 2024இல், நான்கு இரவுகளுக்கு. மடோனா இரண்டு மாதத்தில் ஏறிய தூரத்தை இவர் இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டு ஏறினார். எனக்கு அதில் இப்போது மரியாதைதான் தோன்றுகிறது. சந்தை முழுவதும் “இன்றே பெரிதாகு” என்று நெருக்கும்போது காத்திருப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். 2022 ஏப்ரல் 3ஆம் தேதி லாஸ் வேகாஸில் சிறந்த புதுமுகம் உட்பட மூன்று கிராமி விருதுகள் வாங்கிவிட்டு, 5ஆம் தேதி போர்ட்லாண்டில் பயணத்தைத் தொடங்கியவர் அவர். இன்னும் பெரிய அரங்கம் கேட்டிருந்தால் எவர் மறுத்திருப்பார்?

டிக்கெட் கிடைக்காத நாங்களும் ஏப்ரல் 29ஆம் தேதி மாஸி ஹாலுக்குப் போனோம். வாசல்வரைக்குமாவது கூட்டிக்கொண்டு போ அம்மா என்று மகள் கேட்டாள். ‘கோ’ என்ற புறநகர் ரயிலில் யூனியன் நிலையம், அங்கிருந்து சுரங்க ரயிலில் குயின். ஷூட்டர் தெருவில் திரும்பினால் வரிசை நீண்டு வளைந்து கிடந்தது. எங்கும் ஊதா நிறம். கட்டம் போட்ட பாவாடை, கன்னத்தில் ஒட்டிய சிறிய ஸ்டிக்கர்கள், கனமான பூட்ஸ். பாதிப் பேர் அம்மாக்களோடு வந்திருந்தார்கள். முன்பின் தெரியாத சிறுமிகள் ஒருவர் கன்னத்தில் ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகளுக்கும் ஒருத்தி ஒட்டிவிட்டாள், இவளிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்தபிறகும். கதவு திறந்தது, தெரு காலியானது, நாங்கள் திரும்பினோம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபிறகுதான் செய்தி வந்தது. பாடகி அவ்ரில் லவீன் மேடையில் தோன்றி ரொட்ரிகோவோடு சேர்ந்து தன் ‘காம்ப்ளிகேட்டட்’ பாடலைப் பாடியிருக்கிறார். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் நப்பனீ என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அவர். சொந்தப் பாடல்கள் முப்பத்தைந்து நிமிடத்துக்கே இருந்ததால் அந்தப் பயணம் நெடுகிலும் ரொட்ரிகோ தனக்குப் பிடித்த மூத்த பாடகிகளின் பாடல்களையும் பாடிவந்தார். லாஸ் ஏஞ்சலஸில் அலானிஸ் மோரிசெட், லண்டனில் நடாலி இம்ப்ரூலியா என்று அவர்களே வந்து சேர்ந்தும் கொண்டார்கள். 2,700 பேர் இருக்கிற பழைய அரங்கில் இதெல்லாம் ஒரு வீட்டு விருந்துபோல இருந்திருக்கும். மகள் அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தாள் என்று எனக்குக் கணக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறி வந்தவர் தன் மேடையில் யாருக்கு இடம் கொடுக்கிறார் என்பதை நான் கவனிக்கிறேன். அந்த முதல் பயணத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ நிகழ்ச்சியில் ரொட்ரிகோவுக்கு முன் பாடியவர் சாப்பல் ரோன். இசை நிறுவனம் 2020இல் கைவிட்ட பாடகி அவர். வேறு பல ஊர்களில் கிரேசி ஆப்ரம்ஸ் பாடினார். இன்று இருவருக்கும் சொந்தமாகவே கூட்டம் திரள்கிறது.

சரி, அப்படியானால் என் மகளின் கண்ணீருக்கு யார் பொறுப்பு? இருக்கை குறைவாக இருப்பது ஏமாற்றம். முறை வரவில்லை என்றால் வரவில்லை, குழந்தைகளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியும். பாட்டையே கேட்காதவர்கள் டிக்கெட்டை அள்ளி வைத்துக்கொண்டு, கேட்பவர்களிடம் பல மடங்குக்கு விற்பதை எப்படிப் புரியவைப்பது? ஒன்டாரியோவில் இதற்கு ஒரு சட்டம் வந்தது. அச்சிட்ட விலைக்கு மேல் பாதிக்கும் அதிகமாக வைத்து மறுவிற்பனை செய்யக்கூடாது என்று 2017இல் சட்டமன்றம் எழுதியது. அடுத்து வந்த அரசு அந்த வரம்பை நடைமுறைக்கு வரவிடாமல் நிறுத்தி, 2019இல் நீக்கியே விட்டது. விலைக்கு வரம்பு வைத்தால் வியாபாரம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் அதை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தே எங்கள் வீட்டுத் திரையில் நடந்த கொள்ளை அது.

பாடகர்களால் செய்ய முடிந்ததும் உண்டு. 2024இல் ரொட்ரிகோ தன் இரண்டாவது பயணத்தில் ‘சில்வர் ஸ்டார்’ என்ற பெயரில் ஒவ்வோர் ஊரிலும் கொஞ்சம் டிக்கெட்டுகளை 20 டாலருக்கு ஒதுக்கினார். அந்த அக்டோபரில், தன் தந்தைவழி வேரான பிலிப்பைன்ஸில், மணிலாவுக்கு அருகே மாபெரும் பிலிப்பைன் அரீனாவில் பாடியபோது அத்தனை இருக்கைகளுக்கும் ஒரே விலை, 1,500 பெசோ. நிகர வருமானத்தைப் பெண்கள் நலத்துக்காக உழைக்கிற அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

டொராண்டோவுக்கு அந்தப் பயணம் 2024 மார்ச் இறுதியில் வந்தது, இம்முறை ஸ்கோஷியாபேங்க் அரீனாவுக்கு. 20 டாலர் டிக்கெட் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அச்சிட்ட விலையில் மேல் அடுக்கில், ஏறக்குறையக் கூரைக்குக் கீழே, இரண்டு இடம் கிடைத்தது. முதலில் பாடியவர் சாப்பல் ரோன். எங்கள் வரிசையில் பாதி இருக்கைகள் அப்போது காலியாக இருந்தன. மகள் எழுந்து நின்று ஒவ்வொரு வரியையும் கூடவே பாடினாள். பிறகு ரொட்ரிகோ வந்தார். முதல் பயணத்தின் காணொளிகளில் நான் பார்த்த பெண் இல்லை இவர். மூச்சு எங்கே எடுப்பது, எந்த இடத்தில் கூட்டத்தைப் பாடவிட்டுச் சும்மா நிற்பது என்பதெல்லாம் தெரிந்தவராக இருந்தார். நிகழ்ச்சியின் நடுவே கூரையிலிருந்து தொங்கும் பிறைநிலாவில் உட்கார்ந்து பாடிக்கொண்டே அரங்கத்தைச் சுற்றினார். நிலா எங்கள் பக்கமாக மிதந்து வந்தது. அவர் கையசைத்தது எங்கள் அடுக்குக்குத்தான். மகள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இங்கேயும் வருகிறாள்” என்றாள்.