‘மோட்டார்’ என்றால் எந்த மோட்டார்?

போன மாதம் சர்வீஸ் பிரிவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். “அண்ணா, காயில் கட்டுற அளவு போட்ட ஷீட் போர்ட்டல்ல இல்லீங்களே, அரை மணி நேரமா தேடிட்டு இருக்கேன்.”

அந்த ஷீட் மூன்று வருடமாகப் போர்ட்டலில் இருக்கிறது. ஆனால் ‘வைண்டிங் டேட்டா’ என்ற பெயரில் இருக்கிறது. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை டிசைன் பிரிவில் வைண்டிங் என்பார்கள். காயில் கட்டுபவர் காயில் என்றுதான் தேடுவார். அவர் மேல் என்ன தப்பு?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட், ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன், சப்ளையர் சர்டிபிகேட் என்று எல்லாம் ஷேர்பாயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் அமைத்த போர்ட்டலில் இருக்கின்றன. இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: ஆவணங்களுக்கு டேக் (அடையாளச் சொல்) போடும் பெயர்ப்பட்டியலை, அதாவது டாக்ஸானமியை, ஐடி பிரிவு மட்டும் தனியாக உட்கார்ந்து போடக் கூடாது. அந்த ஆவணத்தை எடுத்து வேலை பார்ப்பவர் வாயில் என்ன சொல் வருகிறதோ, பட்டியல் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முன்பு எங்களிடம் ஃபோல்டர்தான். ஃபோல்டரில் ஒரு ஃபைலுக்கு ஒரே இடம்தான் உண்டு. கேசிங் (பம்பின் வெளிக்கூடு) டிராயிங் டிசைனுக்கும் வேண்டும், பர்ச்சேஸுக்கும் வேண்டும், ஆடிட்டுக்கும் வேண்டும். அப்போது என்ன நடக்கும்? அவரவர் ஒரு காப்பி எடுத்துத் தன் ஃபோல்டரில் வைத்துக்கொள்வார்கள். டிசைன் ஃபோல்டரில் டிராயிங் நாலாவது ரிவிஷனுக்குப் போய்விட்டது. பர்ச்சேஸ் ஃபோல்டரில் இருந்த காப்பி இரண்டாவது ரிவிஷனிலேயே நின்றுவிட்டது. பவுண்டரிக்குப் போனது அந்தப் பழையது. அறுபது கேசிங் வார்த்து வந்த பிறகுதான் போல்ட் ஓட்டை இடம் மாறியிருப்பது தெரிந்தது. அத்தனையும் ஸ்கிராப். அன்று சாயங்காலம் அந்த வார்ப்புகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் போய் நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. ஒரு பொருளுக்கு ஒரே இடம் என்ற ஏற்பாடுதான் எல்லோரையும் காப்பி எடுக்க வைத்தது.

டேக் போட்டால் இந்தச் சிக்கல் போய்விடும். ஃபைல் ஒன்றே ஒன்று. டிசைன்காரர் பம்ப் வகையைப் பிடித்துப் போனாலும், பர்ச்சேஸ்காரர் உலோகத்தைப் பிடித்துப் போனாலும் அதே ஃபைலில்தான் வந்து நிற்பார்கள்.

இதை யோசித்து வைத்தவர் நம்ம ஊர்க்காரர் என்பதில் எனக்குப் பெரிய பெருமை உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை வருகிறது. புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தலாமே என்று தோன்றியிருக்கிறது. 1933-இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்ததுதான். எதையும் ஒரே கிளையில் கொண்டுபோய்த் தொங்க விடாமல், எந்தப் பொருள், எதனால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து முகமாகப் பார்க்கச் சொன்னார்.

எங்கள் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றை எடுத்து அந்த ஐந்தையும் போட்டுப் பாருங்கள். போர்வெல் சப்மெர்சிபிள் பம்ப், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தர விதிப்படி பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட், இரண்டாவது யூனிட், 2023. அப்படியே உட்காருகிறது. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் நூலகத்துக்காக யோசித்தது!

ஷேர்பாயிண்ட்டில் 2010 பதிப்பிலிருந்தே இதற்கு வசதி உண்டு. டெர்ம் ஸ்டோர் என்று பெயர். ஒரு சொல்லை அங்கே ஒரு தடவை சேர்த்தால் போதும், எல்லா லைப்ரரியிலும் அதையே எடுத்துப் போடலாம். பெயரைப் பின்னால் மாற்றினால், அந்த டேக் போட்ட ஃபைல்களிலும் கொஞ்ச நேரத்தில் தானாக மாறிவிடும். வழக்கொழிந்த சொல்லைப் புதிதாக யாரும் எடுக்க முடியாதபடி நிறுத்தலாம், பழைய டேக் அப்படியே இருக்கும். இரண்டு சொல்லை ஒன்றாக இணைக்கவும் முடியும். ஆனால் இணைத்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது, அதில் மட்டும் அவசரப்படாதீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரே சொல்லுக்கு மாற்றுப் பெயர்கள் வைக்கும் வசதி. ‘வைண்டிங்’ என்ற சொல்லுக்குக் கீழே ‘காயில்’ என்று தமிழிலேயே எழுதி வைக்கலாம். டேக் போடும் கட்டத்தில் காயில் என்று அடித்தால் வைண்டிங் வந்து நிற்கும்.

சரி, அந்த மாற்றுப் பெயர்களை யார் சொல்வது? எங்கள் முதல் பட்டியலை ஐடி பிரிவில் ஒருவரும் நானும் ஏசி ரூமில் உட்கார்ந்து இரண்டே நாளில் போட்டோம். பார்க்க அழகாக இருந்தது. எட்டு கட்டம், எல்லாம் கட்டாயம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ‘பொது’ என்று ஒரு சொல் வைத்திருந்தோமே, ஃபைல்களில் பாதிக்கு மேல் அதில்தான் கிடந்தது. அவசரத்தில் இருக்கும் மனுஷன் எட்டு கட்டம் நிரப்புவாரா? முதலில் கைக்கு வருவதைத் தட்டிவிட்டுப் போவார்.

அப்புறம்தான் சர்வீஸ் ஷெட்டுக்குப் போனோம். நாலு சாயங்காலம் பழைய ஜாப் கார்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, அங்கே சீனியராக இருக்கும் அண்ணனோடு உட்கார்ந்தோம். ஒவ்வொரு கார்டையும் படித்து, அதில் இருந்த சொல்லை அப்படியே எழுதிக்கொண்டோம். ஒரு கார்டில் ‘மோட்டார் தண்ணி எடுக்கலை’ என்று இருந்தது. நான் மோட்டார் என்ற தலைப்பில் எழுதப் போனேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். “அது மோட்டார் இல்லீங்க. விவசாயி மொத்த செட்டையும் மோட்டார்னுதான் சொல்லுவார். இதுல இம்பெல்லர் தேய்ஞ்சிருக்கும், இல்லைன்னா புட்வால்வு.” இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளும் சக்கரம், புட்வால்வு உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் வால்வு. டிசைனில் மோட்டார் என்றால் ஸ்டேட்டரும் ரோட்டரும் சேர்ந்த மின்பகுதி மட்டும். கிணற்று மேட்டில் மோட்டார் என்றால் பம்ப்செட். ஒரே சொல், இரண்டு பொருள். இது தெரியாமல் நாங்கள் போட்ட டேக்கை நம்பி எத்தனை பேர் தப்பான ரிப்போர்ட்டைத் திறந்தார்களோ.

அதே போல டிராயிங்கில் டிஸ்சார்ஜ் (தண்ணீர் வெளியேறும் பக்கம்) என்று இருப்பது ஷெட்டில் டெலிவரி. இப்படி நிறைய.

இப்போது கட்டாயக் கட்டம் மூன்றுதான்: பம்ப் வகை, ஆவண வகை, நடப்பா பழையதா. யூனிட்டையும் பிரிவையும் யாரும் நிரப்ப வேண்டாம். எந்த ஃபோல்டரில் போடுகிறார்களோ அதற்குரிய மதிப்பு தானாக ஏறும்படி வைத்துவிட்டோம். ‘பொது’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். சொல் கிடைக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடச் சொன்னோம். முதல் வாரம் போன் ஓயவில்லை. பரவாயில்லை, ஒவ்வொரு போனும் பட்டியலில் விட்டுப்போன ஒரு சொல்.

“இனி எல்லாம் ஏஐ தேடிக்கொடுத்துவிடும், டேக் எதற்கு?” என்று எங்கள் மீட்டிங்கிலேயே கேட்டார்கள். ஸ்கேன் செய்த பழைய டிராயிங்கில் எழுத்தே சரியாகத் தெரியாது. இரண்டு ரிவிஷனும் போர்ட்டலில் கிடந்தால், எது செல்லும் என்று எந்த இயந்திரமும் மோந்து பார்த்துச் சொல்லாது. நாம் ‘நடப்பு’ என்று குறித்து வைத்தால்தான் அதற்கும் தெரியும். குறிக்காமல் விட்டால் பழைய அளவை எடுத்து ரொம்பத் தெளிவாகச் சொல்லும், நாமும் நம்புவோம். அறுபது கேசிங் பார்த்தவன் என்பதால் இதில் எனக்குப் பயம் நிஜமாகவே இருக்கிறது.

உங்கள் கம்பெனியில் போர்ட்டல் புதிதாகப் போடுகிறார்கள் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மென்பொருள் டெமோவுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைக் கடைசி ஆளோடு உட்காருவதற்கு ஒதுக்குங்கள். ஸ்டோர்ஸில் இருப்பவர், லேத்தில் நிற்பவர், டெஸ்ட் பெட்டில் இருப்பவர். பெயர்ப்பட்டியலுக்கு ஒரு பொறுப்பாளரையும் போடுங்கள். வேலை மாறும், சாமான் மாறும், சொல்லும் மாறிக்கொண்டே இருக்கும்.

எங்களுக்கு வால்வு வகைகள் இன்னும் பாக்கி. வியாழக்கிழமை திரும்ப ஷெட்டில் உட்காருகிறோம். அண்ணன் வீட்டில் இருபது வருடத்துப் பழைய நோட்டு ஒன்று இருக்கிறதாம், எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.